ஐம்பத்தெட்டா, எழுபத்தேழா: ஒரு பழைய விமானம் வாங்கப் போனது

எனக்கு விமானி உரிமம் கிடைத்தபோது வயது நாற்பத்து நான்கு. மெல்பர்னில் அந்த வயதுத் தமிழ்ப் பெண்ணிடம் உலகம் எதிர்பார்ப்பது வேறு. வாரக் கடைசியில் யாராவது ஒருவருடைய கிரகப்பிரவேசத்துக்குப் பட்டுப் புடவையில் போய், சமையலறைக் கல்மேடை எந்த நாட்டிலிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும். நானும் போய் விசாரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் உத்தியோகம் நகர மன்றத்துக்கு மழைநீர் வடிகால் கணக்குப் போடுவது. எவ்வளவு மழை பெய்தால் எந்தத் தெரு மூழ்கும் என்று பகலெல்லாம் கணக்கிட்டுவிட்டு, ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு ஒருநாள் மேலே போய்ப் பார்க்கலாமே என்று தோன்றியதில் என்ன அதிசயம்? என் சித்திக்கு அதிசயமாக இருந்தது. "இந்த வயசுல ஏர் ஹோஸ்டஸ் வேலைக்கு எடுத்துக்குறாங்களா?" என்று போனில் கேட்டார்.

என் கணவர் எதிர்க்கவில்லை. அவர் மேற்குப் புறநகரான ட்ருகனினாவில் ஒரு பெரிய கிடங்குக்கு மேலாளர். ஃபோர்க்லிஃப்ட்டைத் தவிர தரையை விட்டு எழும்பும் எதன்மீதும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. மலைப்பாதையில் காரில் போனாலே வாந்தி எடுப்பார். "நீ ஓட்டு, நான் கீழ இருந்து டாட்டா காட்டுறேன்" என்று ஆரம்பத்திலேயே தன் பங்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

பயிற்சிப் பள்ளியின் மூன்று வாடகை விமானங்களும் நல்ல வெயில் நாட்களில் எப்போதும் வேறு யாருக்காவது பதிவாகியிருக்கும். மேகம் மரக்கிளையைத் தொடும் நாட்களில் மூன்றும் எனக்காகக் காத்திருக்கும். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நின்றபடி புலம்பியபோது, எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது, மருந்துக்கடை வைத்திருப்பவர். பதினொரு வருடமாக விமானம் ஓட்டுகிறவர். அதே பள்ளியில் என்னுடைய வெயில் நாட்களைப் பறித்துக்கொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர் என்பது பிறகு தெரிந்தது.

"தங்கச்சி, வாடகைப் பிளேன் எண்டது வாடகைச் சைக்கிள் மாதிரி. சீற் எப்பவும் வேற ஆரோ ஒருத்தற்ரை உயரத்துக்குத்தான் கிடக்கும்" என்றார். "நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்டு வாங்கினால் என்ன?"

தோசை வருவதற்குள் முடிவாகிவிட்டது. வீடு வாங்க ஆறு வருடம் யோசித்தவள் நான்.

எந்த வகை என்பதில் சண்டை இல்லை. ஒற்றை எஞ்சின், மேலே இறக்கை, நான்கு இருக்கை. உலகத்திலேயே அதிகமாகச் செய்யப்பட்ட சிறிய விமானம் அது. நான்கு இருக்கை என்பது விளம்பரத்தில் மட்டும். நான்கு பெரியவர்களை உட்கார வைத்தால் முழுத் தொட்டி எரிபொருள் போட முடியாது. முழுத் தொட்டி போட்டால் நான்காவது ஆள் ரயிலில் வர வேண்டியதுதான். சண்டை வந்தது எந்த வருடத்தில் செய்தது என்பதில்.

ஐம்பதுகளிலிருந்து அதைச் செய்த அமெரிக்கக் கம்பெனி ஒரே விமானத்தையே வருடாவருடம் புதிதென்று விற்றது. ஒவ்வொரு வருடமும் எதையாவது மாற்றியாக வேண்டுமே. முதல் சில வருடங்கள் வால் நேராக நிமிர்ந்து நின்றது. அறுபதில் அதைப் பின்னால் சாய்த்தார்கள், வேகமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. வேகம் கூடவில்லை. அறுபத்து மூன்றில் பின்பக்கம் கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள், பின்னால் வருவதைப் பார்க்க. இந்த விமானத்தின் வேகத்துக்குப் பின்னால் வருவது எல்லாமே நம்மைத் தாண்டிப் போகிறவைதான். அறுபத்தைந்தில் வேகத்தைக் குறைக்கும் ஃபிளாப்புக்கு மின்மோட்டார். அறுபத்தெட்டில் புது எஞ்சின். எழுபத்தொன்றில் சக்கரக் கால்களுக்குக் குழாய்க் கம்பி. எழுபத்து மூன்றில் இறக்கையின் முன்விளிம்பு சற்று வளைந்தது. எழுபத்தேழில் இன்னொரு எஞ்சின், உள்ளே சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று பெயர் வாங்கியது; அதைப் பற்றி விமானிகள் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

மருந்துக்கடைக்காரர் அதற்குள் எனக்கு அண்ணன் ஆகியிருந்தார். அவர் இதையெல்லாம் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதி, மருந்துக்கடை இயந்திரத்தில் கொடுத்து லேமினேட் செய்து வைத்திருந்தார். இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவர்களுக்கும் அதைக் காட்டினார் என்று கேள்வி.

எனக்கு வேண்டியது ஐம்பத்தெட்டு. நேர் வால். இரண்டு முன்இருக்கைகளுக்கும் நடுவே கார் ஹேண்ட் பிரேக் மாதிரி ஒரு கைப்பிடி இருக்கும். இறங்கும்போது அதை இழுத்தால் இறக்கையின் பின்பக்கத்து ஃபிளாப்புகள் கீழே விரிந்து விமானம் மெதுவாகும். மோட்டாரில்லை, ஃபியூஸ் இல்லை. கை, கம்பி, இறக்கை அவ்வளவுதான். இதை நான் பொறியாளரின் காரணமாகத்தான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையான காரணம் அந்த வால் அழகாக இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண் அழகுக்காக ஒன்றை வாங்குவதாக ஒப்புக்கொள்வதைவிட ஃபியூஸ் இல்லை என்று சொல்வது எளிது.

அண்ணனுக்கு வேண்டியது எழுபத்தேழு. "நூற்றறுபது குதிரை, தங்கச்சி. உங்கட ஐம்பத்தெட்டு நூற்று நாற்பத்தஞ்சு. பதினஞ்சு குதிரை எண்டால் சும்மாவே?"

"அந்தப் பதினஞ்சு குதிரைக்கும் நொண்டின்னு பேர் இருக்கே அண்ணே."

"அது கதை. ஒழுங்கா ஓடவிட்டால் ஒண்டும் ஆகாது."

என் கணவர் கட்டத் தாளை மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்தார். "ஏ.சி. எந்த வருஷத்துல வந்துச்சு?" என்று கேட்டார்.

முதலில் என் முறை. வடமேற்கே நான்கு மணி நேரத் தொலைவில் ஒரு கோதுமைப் பண்ணையில் ஐம்பத்தெட்டு ஒன்று விற்பனைக்கு வந்தது. நாங்கள் மூவரும் ஒரு காரில் போனோம். கூடவே ஒரு பராமரிப்புப் பொறியாளரும். மட்டக்களப்புப் பக்கத்து முஸ்லிம், வளைகுடாவில் பெரிய விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இங்கே சொந்தமாக ஒரு சிறிய பட்டறை வைத்திருப்பவர். அண்ணன் அவரை, இலங்கை முஸ்லிம்கள் மூத்தவர்களை அழைப்பதுபோல, நானா என்று கூப்பிடுவார், அதனால் நானும். நானாவுக்குப் பேச்சு குறைவு. "ம்" என்பார். அந்த ஒற்றை "ம்"மில் எத்தனை கோளாறு அடங்கியிருக்கிறது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பண்ணைக்காரர் நேராக வந்து என் கணவரின் கையைக் குலுக்கினார். விமானத்தைப் பற்றிய முழு விவரத்தையும் அவருக்கே சொன்னார். அப்பா வாங்கியது, ஆடு பார்க்கப் போக உதவியது, கடைசியாகப் பறந்தது எப்போது என்று சரியாக ஞாபகமில்லை. என் கணவர் ஃபோர்க்லிஃப்ட் வாங்கும்போது கேட்கும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது?" துரதிர்ஷ்டவசமாக அது சரியான கேள்வி. அதற்குப் பிறகு அவர்தான் விமானி என்பதில் பண்ணைக்காரருக்குச் சந்தேகமே வரவில்லை.

"ஓட்டப் போறது அவங்க" என்று என் கணவர் ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பண்ணைக்காரர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்து, இருக்கைத் துணியை எனக்குப் பிடித்த நிறத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். பழைய தோலும் எண்ணெயும் கலந்த வாசனை. கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். கடக், கடக், கடக். வெளியே ஃபிளாப் இரண்டும் மரியாதையாகக் குனிந்தன. இதுதான், இனி வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை என்று தீர்மானித்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியைக் கடித்தவுடனே சம்மதம் சொல்லும் மாப்பிள்ளைகளை எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன்!

"தங்கச்சி, கொஞ்சம் கீழ எறங்குங்க" என்றார் நானா. இறக்கையின் அடியில் ஒரு சிறிய மூடியைக் கழற்றி, டார்ச்சும் குச்சிக் கண்ணாடியுமாக நின்றிருந்தார். உள்ளேயிருந்து கைநிறைய வைக்கோலை இழுத்துப் போட்டார். அதோடு கிழிந்த செய்தித்தாள், கோதுமை, காய்ந்துபோன ஒரு எலி.

"குடும்பத்தோட இருந்திரிக்கு" என்றார். "எலி இருந்தாப் பரவால்ல. அதுட மூத்திரம்தான் பிரச்சின. அலுமினியத்தத் திண்டுரும். இந்த இடத்த விரலால அமத்திப் பாருங்க."

அமுக்கினேன். பெயின்ட் பளபளவென்று இருந்த இடம். என் விரல் உள்ளே போய்விட்டது. பிஸ்கட்டில் போவது மாதிரி.

பண்ணைக்காரர் விரல் போன ஓட்டையைப் பார்த்துவிட்டு, பழைய பொருள் என்றால் அப்படி ஒரு சுபாவம் இருக்கத்தானே செய்யும் என்று என் கணவரிடம் விளக்கினார். நானா "ம்" என்றார். திரும்பும் வழியில் நான் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எலி தின்ற அலுமினியத்துக்காக ஒரு பட்டதாரிப் பொறியாளர் அழலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். என் கணவர் ஒரு சின்ன ஊரில் பேக்கரி வாசலில் காரை நிறுத்தி, வனிலா ஸ்லைஸ் வாங்கிவந்து என் மடியில் வைத்தார். பின்னிருக்கையிலிருந்து அண்ணன், "கவலைப்படாதேங்கோ, எழுபத்தேழிலை எலி போறேல்லை" என்று ஆறுதல் சொன்னார்.

அடுத்தது அவர் முறை. எழுபத்தேழு சிட்னியில் இருந்தது. பழைய விமானம் பார்க்க நாங்கள் புது விமானத்தில் போனோம். என் கணவர் வரவில்லை. அவருக்கு இரண்டில் எதிலும் விருப்பமில்லை. விற்றவர் தரகர். கூர்மையான ஷூ, கைக்குட்டை வைத்த கோட்டு. விமானம் அவரைவிடப் பளபளப்பாக இருந்தது. புதுப் பெயின்ட், புது இருக்கை, பெரிய கண்ணாடித் திரை, தானாகவே திசையும் உயரமும் பார்த்துக்கொள்ளும் ஆட்டோபைலட். அண்ணன் உள்ளே ஏறி அந்த ஆட்டோபைலட் பொத்தானையே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானா விமானத்தைப் பார்க்கவில்லை. புத்தகங்களைக் கேட்டார். ஒவ்வொரு விமானத்துக்கும் பிறந்த நாள் முதல் என்ன பழுது, யார் பார்த்தது என்று எழுதிய பதிவேடுகள் உண்டு. தரகர் நான்கு புத்தகம் கொண்டுவந்தார். நடுவில் ஏழு வருடம் இல்லை. வெள்ளத்தில் போய்விட்டது என்றார்.

எனக்கு வெள்ளம் என்றால் தொழில். எந்த ஊர், எந்த ஆறு, எந்த வருடம் என்று வெகு இயல்பாகக் கேட்டேன். தரகர் யோசித்துவிட்டு, வெள்ளமாக இல்லாமல் குழாய் உடைந்ததாகவும் இருக்கலாம் என்றார்.

"புத்தகம் தொலஞ்சத நான் நம்புறன்" என்றார் நானா, தமிழில், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். "தண்ணிலதான் தொலஞ்சதுன்டு நம்பச் சொல்லாதீங்க."

மெல்பர்ன் விமானத்துக்காகக் காத்திருந்தபோது சண்டை வெடித்தது. அண்ணன் விடுவதாக இல்லை. எஞ்சினைத் திறந்து பார்த்தால் போதும், இப்படி ஆட்டோபைலட் உள்ளது மறுபடி கிடைக்காது என்றார்.

"நாம ஓட்டுறதுக்குத்தானே அண்ணே வாங்குறோம்? அதுவே ஓட்டிக்கிட்டா நாம எதுக்கு?"

"உங்களுக்கு விளங்காது."

"ஏழு வருஷம் என்ன நடந்துச்சுன்னே தெரியாத எஞ்சினை நம்பி நான் எம் புருஷனை ஏத்த மாட்டேன்."

"தம்பி எப்பிடியும் ஏறமாட்டார்" என்றார். அதில் உண்மை இருந்ததால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாயிற்று. விமானத்தில் நானும் அவரும் ஒரே வரிசையின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து வந்தோம். நடு இருக்கையில் மாட்டிக்கொண்ட நானா ஒன்றரை மணி நேரமும் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார்.

ஒரு மாதம் பேச்சில்லை. பிறகு நானாதான் எனக்குப் போன் செய்தார். வடகிழக்கே மலையடிவாரத்து ஊரொன்றில் ஒரு அறுபத்தெட்டு இருப்பதாகச் சொன்னார். அறுபத்தெட்டு எங்கள் இருவர் பட்டியலிலும் இல்லை. வால் சாய்ந்தது, என் கைப்பிடி கிடையாது. எஞ்சின் நல்லதுதான், ஆனால் நூற்றைம்பது குதிரை; அண்ணனின் வளைந்த இறக்கையும் குழாய்க் கால்களும் வருவதற்கு முன்னால் செய்தது. என் விருப்பத்துக்குத் தாமதமாகவும் அவர் விருப்பத்துக்குச் சீக்கிரமாகவும் பிறந்துவிட்ட வருடம். இரண்டு பேருக்கும் சமமாகப் பிடிக்காததால் இருவரும் போய்ப் பார்க்க ஒத்துக்கொண்டோம்.

விற்றவர் ஒரு பெண்மணி. எண்பதை நெருங்குபவர். மாவட்டத் தாதியாக இருந்தவர், மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்கு அந்த விமானத்திலேயே போய் நோயாளிகளைப் பார்த்தவர். ஒல்லியான உடம்பு, ஆண்களுடைய பெரிய கைக்கடிகாரம். நாங்கள் நான்கு பேரும் காரிலிருந்து இறங்கி நின்றோம். என் கணவர் பழக்கம் காரணமாகக் கையை நீட்டத் தயாரானார்.

"உங்களில் யார் ஓட்டுவது?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

என் கணவர் நீட்டிய கையை அப்படியே என் பக்கம் திருப்பிக் காட்டினார். இத்தனை வாரங்களில் அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

விமானக் கொட்டகைத் தரையில் சாப்பாடு போட்டுச் சாப்பிடலாம். பதிவேடுகள் எல்லாம் இருந்தன, வரிசையாக, ஒரே நிமிர்ந்த கையெழுத்தில். நானா இறக்கை மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டே போனார். மூன்றாவது மூடிக்குப் பிறகு சீட்டியடிக்கத் தொடங்கினார். அவருக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதுவரை நாங்கள்தான் விமானத்தைத் தேர்ந்தெடுக்கப் போவதாக நினைத்திருந்தோம். அந்த அம்மாள் அப்படி நினைக்கவில்லை. என்னை இடது இருக்கையில் ஏற்றி, தான் வலதில் உட்கார்ந்து, "மூன்று சுற்று. பார்ப்போம்" என்றார். பக்கக் காற்று அடித்தது. முதல் இறக்கத்தில் விமானம் தரையைத் தொட்டு எகிறி மறுபடி தொட்டது. சக்கரக் கால்கள் எழுபத்தொன்றின் குழாய்க் கம்பியாக இருந்திருந்தால் இவ்வளவு எகிறியிருக்காது என்று ஆரம்பித்தேன்.

"காலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீ ஓடுபாதையின் தொடக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கோடியைப் பார்" என்றார்.

கோடியைப் பார்த்தேன். மூன்றாவது இறக்கத்தில் சக்கரம் எப்போது தொட்டது என்று எனக்கே தெரியவில்லை. அவர் பாராட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்போது உங்கள் முறை" என்று கீழே இறங்கியதும் அண்ணனைக் கூப்பிட்டார்.

"எனக்கு இன்றைக்கு வயிறு சரியில்லை" என்றார் அண்ணன். காலையில் வழியில் இரண்டு மட்டன் பை சாப்பிட்டவர்.

அந்த அம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கொட்டகையின் ஓரத்துக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் சொன்னார்: "அவருடைய மெடிக்கல் போய்விட்டது. என் கண் போனபோது எனக்கும் முதல் மாதம் முழுக்க வயிறுதான் சரியில்லாமல் இருந்தது."

விமானிகளுக்கு மருத்துவச் சான்றிதழ் இல்லையென்றால் உரிமம் வெறும் காகிதம். நான் அண்ணனைத் தேடிப் போனேன். எரிபொருள் பீப்பாய்களுக்குப் பின்னால் நின்று புல்லைக் காலால் நோண்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளாச்சு அண்ணே?"

மறைக்கவில்லை. "நாலு மாசம். இதயத் துடிப்பு ஒழுங்கில்லையாம். ஈசிஜி பாத்திட்டு மறிச்சுப் போட்டாங்கள்."

நான்கு மாதம்! கணக்குப் போட்டேன். கேன்டீன் வரிசைக்கு அடுத்த சில வாரங்கள். கோதுமைப் பண்ணை, சிட்னி, குதிரைகள், அந்த ஆட்டோபைலட், ஒரு மாதம் பேசாதது எல்லாம் அதற்குப் பிறகுதான். தான் ஓட்டவே முடியாத ஒரு விமானத்துக்காக இந்த மனிதர் என்னிடம் அவ்வளவு சண்டை போட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கிண்டலாகச் சொல்ல நல்ல வார்த்தைகளே நிறையத் தோன்றின.

"அப்ப எதுக்குண்ணே இத்தனை ஆர்ப்பாட்டம்? சொல்லியிருக்கலாம்ல?"

"பாத்துக் கதைச்சுக்கொண்டு திரியும் மட்டும் நானும் பைலட்தானே, தங்கச்சி" என்றார். "வாங்கி முடிச்சால் ஆர் ஓட்டுறது எண்ட கேள்வி வந்திடும். வீட்டிலையும் சொல்லேல்லை."

தோன்றிய நல்ல வார்த்தைகளில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. போனைக் கையில் கொடுத்து, "அக்காகிட்ட இப்பவே பேசுங்க" என்றேன். அவர் ஓடுபாதை ஓரமாக நடந்துபோய் மனைவியிடம் பேசினார். இரண்டு நிமிடத்தில் திரும்பிவிட்டார். முகம் சரியில்லை.

"என்ன சொன்னாங்க?"

"அவவுக்கு எப்பவோ தெரியுமாம். கடிதத்தைப் பிரிச்சதே அவதானாம். நான் எப்ப சொல்லுறன் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவவாம்." போனைத் திருப்பித் தந்தபடி, "இனிப் பின்னேரத்திலை நடக்கோணுமாம். சோத்தைக் குறைக்கோணுமாம்" என்றார், உயிருக்கு ஆபத்து என்ற செய்தி இப்போதுதான் கிடைத்தவர் போல.

பங்கை விட்டுவிடுங்கள், நான் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. நானா முழுச் சோதனையும் முடித்து நல்லபடியாக எழுதிக் கொடுத்தார். பெண்மணி எங்களுக்கு விற்கச் சம்மதித்தார், என் முதல் இறக்கத்தை மன்னித்து. அறுபத்தெட்டு எங்களுடையதாயிற்று.

மூன்று வாரம் கழித்து அதை வீட்டுக்குக் கொண்டுவர அண்ணனும் நானும் காலை ரயிலில் போனோம். மதியத்துக்கு மேல் புறப்பட்டோம். நான் இடதில். அவர் வலதில், வரைபடம் மடியில், சும்மா பயணியாக. நாங்கள் வசிக்கும் கிளேட்டனிலிருந்து இருபது நிமிடத்தில் இருக்கும் சிறிய விமான நிலையத்தில் என் கணவர் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு நின்றார். அக்கா பூவும் தேங்காயும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்திருந்தார். எலுமிச்சையை மூன்று சக்கரத்துக்கும் வைப்பதா முன்சக்கரத்துக்கு மட்டுமா என்று எனக்குச் செய்தி அனுப்பிக் கேட்டிருந்தார்.

மெல்பர்னுக்கு வடக்கே மலைத்தொடரில் ஒரு தாழ்ந்த இடைவெளி உண்டு. சிறிய விமானங்கள் அதன் வழியாகத்தான் புகுந்து வரும். வானிலை அறிக்கை தெளிவு என்றது. நாங்கள் நெருங்கியபோது அந்த இடைவெளியில் மேகம் மூடி போட்டது மாதிரி உட்கார்ந்திருந்தது. அடியில் ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்தது. அதற்குள் குனிந்து போய்விடலாம், ஐந்து நிமிட வேலை, அந்தப் பக்கம் கட்டாயம் வெயில் என்று எனக்குத் தோன்றியது. மழையைப் பற்றி எனக்குத் தெரியாததா? வாழ்க்கையெல்லாம் அதைத்தானே கணக்கிடுகிறேன். கீழே பூவோடும் தேங்காயோடும் காத்திருக்கிறார்கள். வந்து சேராமல் திரும்பினால் சிட்னியிலிருக்கும் சித்தி மகள்வரை செய்தி போகும். விமானத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். மலைச்சரிவின் மரங்கள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன.

"திரும்புங்கோ, தங்கச்சி."

"வெளிச்சம் தெரியுதுண்ணே."

"தெரியுது. போன நிமிசம் இதைவிடப் பெரிசாத் தெரிஞ்சது." குரல் உயரவில்லை. கட்டுப்பாட்டில் கையும் வைக்கவில்லை. வைக்க அனுமதி இல்லை என்பது அவருக்குத் தெரியும். இரண்டு கையையும் வரைபடத்தின்மேல் விரித்து வைத்திருந்தார். "இடப்பக்கம் இடம் இருக்கு. இப்ப திரும்புங்கோ. பிறகு ஏலாது."

திரும்பினேன். பாதித் திருப்பத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தபோது அந்தக் கீற்று மூடிவிட்டது. முழுச் சாம்பல். நான் நுழைந்திருந்தால் அதன் நடுவில் இருந்திருப்பேன், இரண்டு பக்கமும் மலையோடு. அவர் திரும்பிப் போக வேண்டிய திசையை மட்டும் டிகிரி எண்ணாகச் சொன்னார். அதுவரை இரண்டு பேரின் கல்யாணக் கதைகளையும் பேசி முடித்திருந்த நாங்கள் அந்த நாற்பது நிமிடமும் எண்களை மட்டுமே பேசினோம்.

பெண்மணி தன் கொட்டகைக் கதவைத் திறந்துவைத்திருந்தார். எங்கள் சத்தம் கேட்டுத்தான் திறந்தாராம். "திரும்பி வரத் தெரிந்தவர்களுக்குத்தான் விற்றேனா என்று ஒரு மணி நேரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்" என்றார். வெந்நீர் வைத்தார். நான் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். அண்ணன் மூன்று பிஸ்கட் எடுத்தார், போனைப் பார்த்தார், இரண்டைத் திரும்ப வைத்தார்.

மெல்பர்னில் காத்திருந்தவர்களுக்குப் போனில் சொல்லிவிட்டு, அன்று அந்த அம்மாள் வீட்டிலேயே தங்கி மறுநாள் காலை புறப்பட்டோம். இடைவெளி முழுவதும் நீலமாக, முந்தின நாள் ஒன்றுமே நடக்காததுபோலத் திறந்து கிடந்தது. அண்ணன் அப்போதும் கீழே ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் தலையசைத்தார்.

இப்போது ஒன்றரை வருடமாகிறது. அண்ணனுக்குச் சான்றிதழ் திரும்பக் கிடைக்கவில்லை. விண்ணப்பித்திருக்கிறார், அடுத்த மாதம் என்கிறார், போன மாதமும் அதையேதான் சொன்னார். அக்காவின் மேற்பார்வையில் பதினொரு கிலோ குறைத்திருக்கிறார். அந்தக் கம்பெனி அத்தனை வருடம் மாற்றி மாற்றிச் செய்து கொடுத்த எந்த வசதியையும்விட இந்தப் பதினொரு கிலோ எங்கள் விமானத்துக்கு அதிகம் உதவியிருக்கிறது. நான் எங்கே புறப்பட்டாலும் வலது இருக்கை அவருடையது. அவர் திரும்பு என்று அதற்குப் பிறகு இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். இரண்டு தடவையும் நான் காரணம் கேட்கவில்லை.

வீடு வந்து சேர்ந்த அந்தக் காலையை என் கணவர் வேலிக்கு வெளியே நின்று படம்பிடித்தார். பத்து நிமிடக் காணொளி. தூரத்துப் புள்ளியிலிருந்து தொடங்கி, ஓடுபாதையைத் தொடும்வரை கை ஆடாமல் எடுத்திருந்தார். மென்மையான இறக்கம், பூப்போல. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். சித்தி அழுதுவிட்டேன் என்று பதில் போட்டார். கோயிலில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னை நிறுத்தி அந்த இறக்கத்தைப் பாராட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து நிதானமாகப் போட்டுப் பார்த்தபோதுதான் கவனித்தேன். எங்களுடையதற்கு இறக்கை மேலே; படத்தில் இறங்கிய விமானத்துக்கு இறக்கை கீழே இருந்தது, அடியில் நீலப் பட்டை ஓடியது. அது வேறு யாரோ.

நான் அதற்கு ஆறு நிமிடம் கழித்து, இரண்டு தடவை எகிறி இறங்கியிருந்தேன்.